ஜாலி கல் வைத்த சுவர்

சைதாப்பேட்டை,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. வெயிலைப் பற்றி பெங்களூரில் இருப்பவளுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். போன் என்றால் நான் பாதியில் கத்திவிடுவேன், நீ "சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

பொங்கலுக்கு வந்தபோது, ஆய்வகத்தில் சுண்டெலிகளை என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். தட்டில் இருந்த இட்லியை நகர்த்தி நகர்த்திச் சொன்னாய். பெரிய, முரட்டு வெள்ளைச் சுண்டெலியின் கூண்டில் சின்னக் கறுப்புச் சுண்டெலி ஒன்றை விடுவீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம். வெள்ளை துரத்திக் கடிக்கும், கறுப்பு மூலையில் ஒடுங்கும். காயம் பலமாகப் பட்டால் நிறுத்திவிடுவோம் என்றாய். அப்புறம் நடுவே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பு. மறுநாள் வரை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். தொட முடியாது, ஆனால் பார்க்கலாம், வாடை வரும். மறுநாள் வேறொரு முரடன். இப்படி 10 நாள்.

"பத்து நிமிஷ அடிக்கா இவ்வளவு?" என்றேன். "அடி பத்து நிமிஷம்தான்ப்பா. மிச்ச நேரமெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் அது இருக்குதே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். நான் பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பாகம் பிரித்து அந்தச் சுவரை எழுப்பியது 1998-இல். உனக்கு ஆறு வயது. "முழுசா அடைச்சா காத்து வராது சார், மேலே ரெண்டு வரிசை ஓட்டை வெச்ச ஜாலி கல் வெச்சுடறேன்" என்றார் கொத்தனார். நல்ல யோசனை என்று தலையாட்டினேன். குழாய் நம் பக்கம் வந்துவிட்டது. தண்ணீர் வருகிற நாளில் பெரியப்பா குடத்தோடு வருவார், நான் வாசலில் நிற்பேன், அவ்வளவுதான். அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் போனதில்லை. கத்தி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன். என் கணக்கில் சண்டை அங்கேயே முடிந்தது.

உன் படிப்பு மேசை அந்த ஜாலிக்குக் கீழே. பெரியம்மா தாளிக்கும் வாசனை, பெரியப்பாவின் இருமல் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். அவர் செருமினால் உன் பேனா நின்றுவிடும். பார்த்திருக்கிறேன். கவனம் இல்லை என்று உன்னைத்தான் திட்டினேன்.

பத்து நாள் முடிந்ததும் செய்வதாக நீ சொன்ன சோதனையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடிபட்ட கறுப்புச் சுண்டெலியை ஒரு தொட்டியில் விடுவீர்கள். தொட்டிக்குள் வலைக்கூண்டு, இரண்டரை நிமிடம் காலியாக. அடுத்த இரண்டரை நிமிடம் அதற்குள் ஒரு புது வெள்ளைச் சுண்டெலி. அது இதை ஒருநாளும் கடித்ததில்லை. ஆனாலும் அடிபட்டவற்றில் பல எதிர்மூலையை விட்டு அசையாதாம். சர்க்கரைத் தண்ணீர் மேல் இருந்த ஆசையும் குறைந்துவிடுமாம். ஆம்பூர் கல்யாணத்தில் யாரோ பரிமாறுகிறவரை அதட்டியதும் நீ பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாயே. "யாரோ யாரையோ திட்டினால் இவளுக்கென்ன" என்று அம்மாவிடம் சலித்துக்கொண்டேன்.

எலியை வைத்து மனுஷனை அளக்காதே என்பாய். சரி. அடிபட்டவற்றில் மூன்றில் ஒரு பங்கு போலத் தாக்குப்பிடித்துவிடும் என்று நீ சொன்னதும், உன் அண்ணன் அந்த ரகம் என்று நிம்மதியானேன். அவற்றுக்கும் பயம் போவதில்லை, பழகுவதில் மட்டும் தெரியாது என்றாய். தண்ணீர் நாளில் அவன் விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க்கில் குட்ரியாவ்த்சேவா என்ற அம்மா ஜெயித்த சுண்டெலிகளையும் கவனித்தாராமே. நாள்கணக்கில் ஜெயித்துக்கொண்டே இருந்தவை வெறிபிடித்தது போல ஆகி, பதற்றமும் கூடியது என்றாய். குழாயை ஜெயித்தவன் நான். இரண்டு ரூபாய்க்குக் கத்தரிக்காய்க்காரரிடம் நான் போடும் சத்தம் உனக்குத் தெரியும்.

மனச்சோர்வு மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்தால் ஒன்றும் ஆகாது, நான்கு வாரம் கொடுத்தால்தான் அடிபட்டவை வெள்ளைச் சுண்டெலி பக்கம் போகும் என்றும் சொன்னாய். அதனால் இந்த ஒரு கடிதத்தை நான் பெரிதாக நம்பவில்லை. இன்னும் எழுதுவேன்.

ஜாலியை அடைத்துவிடலாம் என்று போன வாரம் சிமென்ட் வாங்கி வந்தேன். அம்மா வேண்டாம் என்கிறாள். காலையில் அந்த இருமல் கேட்டால்தான் பெரியப்பா இருக்கிறார் என்று தெரிகிறதாம். மூட்டை திண்ணையிலேயே கிடக்கிறது.

அடுத்த முறை நீ மாடியில் படுத்துக்கொள். பிருந்தாவனில் வருவதாக இருந்தால் சொல், காட்பாடிக்கு வருகிறேன். ஆட்டோ பேரத்தை மட்டும் நீயே பேசிவிடு.

அன்புடன்,
அப்பா