மலைமேல் வைக்கப்போகும் பெட்டி

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. நம் ஹாம் ரேடியோ ரிப்பீட்டருக்கு (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) மலைமேல் அறையும் கிடைத்து, டூப்ளெக்ஸர் (ஒரே ஆன்டெனாவில் வாங்குவதையும் அனுப்புவதையும் பிரிக்கும் ஃபில்டர்) ட்யூனிங்கும் முடிந்துவிட்டது என்றால் பெரிய தலைவலி தீர்ந்தது. ரிப்பீட்டரை இயக்க எந்தக் கண்ட்ரோலர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். மாடலுக்கு முன் போர்ட் (ரேடியோவை இணைக்கும் வாய்) எண்ணிக்கையை முடிவு செய். ஒரு ரிசீவரும் ஒரு டிரான்ஸ்மிட்டரும் மட்டும் என்றால் ஒரு போர்ட் போதும். பக்கத்து ரிப்பீட்டருக்கு யுஎச்எஃப் லிங்க் வைத்தால் இரண்டு, இணைய லிங்க்கும் வந்தால் மூன்று. எஸ்-காம் 7330, ஆர்காம் ஆர்சி-210 இரண்டும் மூன்று போர்ட் உள்ளவை. ஒரு போர்ட் பெட்டியை வாங்கிவிட்டு, பிறகு லிங்க் ரேடியோவின் ஆடியோவையும் அதே ஒயரில் முறுக்கிச் சேர்க்க நினைக்காதே. இரண்டு லெவல்களையும் தனித்தனியாகச் சரிசெய்ய வழியிருக்காது. யார் பேசுகிறார் என்பதும் கண்ட்ரோலருக்குத் தெரியாது.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் எஸ்விஎக்ஸ்லிங்க் அல்லது ஆல்ஸ்டார் மென்பொருளைப் போட்டால் செலவு மிச்சம் என்கிறாய். மென்பொருளில் குறையில்லை. ஆனால் கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் எஸ்டி கார்டு கெட்டுப்போகும். அதை மாற்ற நீதான் மலையேற வேண்டும். என்னைக் கேட்டால் பிடிடி (டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யும் சிக்னல்), ஐடி (நிலையத்தின் அடையாளம்), டைம்-அவுட் (நீளும் பேச்சை அறுக்கும் டைமர்) மூன்றையும் ஒரு சாதாரண ஹார்டுவேர் கண்ட்ரோலரிடம் விட்டுவிட்டு, பையை அதன் இரண்டாவது போர்ட்டில் தொங்கவிடு. பை படுத்தாலும் உள்ளூர் ரிப்பீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். பை மட்டும்தான் என்று பிடிவாதமாக இருந்தால், கார்டை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய், வாட்ச்டாக்கை (உறைந்துபோனால் தானே ரீபூட் செய்யும் டைமர்) இயக்கிவிடு.

எந்தப் பெட்டியானாலும் வேலை வாங்குவது சிஓஎஸ் ஒயர்தான் (சிக்னல் வந்திருக்கிறது என்று ரிசீவர் சொல்லும் ஒயர்). ரிசீவரின் சிஓஎஸ் முனையில் மல்டிமீட்டரை வைத்து, சிக்னல் இருக்கும்போது எவ்வளவு, இல்லாதபோது எவ்வளவு என்று இரண்டு அளவையும் குறித்துக்கொள். சிக்னல் வந்ததும் வோல்டேஜ் ஏறுகிறதா, பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பார். போலாரிட்டியைத் தலைகீழாக அமைத்தால், யாரும் பேசாதபோது ரிப்பீட்டர் ஒலிபரப்பும், பேச ஆரம்பித்ததும் விழுந்துவிடும். இரண்டு நிலையிலும் மீட்டர் அசையவில்லை என்றால் அநேகமாக அது ஓபன் கலெக்டர் (தானாக வோல்டேஜ் தராமல் பூஜ்யத்துக்கு மட்டும் இழுக்கும் முனை), 4.7 முதல் 10 கிலோ ஓம் வரை ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போட்டு மறுபடி பார். சில பழைய ரேடியோக்கள் 8 வோல்ட் வரை தரும். அதை பையின் 3.3 வோல்ட் ஜிபிஐஓ முனையில் நேராகக் கொடுத்தால் அந்த முனை கெட்டுவிடும். வோல்டேஜைக் குறைக்க இரண்டு ரெசிஸ்டரால் ஒரு வோல்டேஜ் டிவைடர் போடு. பையோடு ரேடியோவை இணைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டில் சிஎம்119 சிப் இருந்தால், 48 கால் கொண்ட வகையில் சிஓஎஸ் 48ஆம் காலுக்குப் போகும், பிடிடி 13ஆம் காலிலிருந்து ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர் வழியாக வெளியே வரும்.

ஆடியோவை ஸ்பீக்கரிலிருந்து எடுக்காதே. யாராவது வால்யூமைத் திருகினால் எல்லா லெவலும் போச்சு. டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (ரிசீவருக்குள் எஃப்எம் சிக்னலை ஆடியோவாக்கும் இடம்) எடுத்தால் டி-எம்ஃபசிஸ் ஆகாத ஆடியோ வரும், அதாவது அனுப்பும்போது ப்ரீ-எம்ஃபசிஸால் தூக்கிய கீச்சு ஒலிகள் இன்னும் இறக்கப்படாத ஆடியோ. அதை மைக் இன்புட்டில் கொடுத்தால் இரண்டு முறை ப்ரீ-எம்ஃபசிஸ் ஆகி, குரல் தகரத்தில் தட்டின மாதிரி கீச்சென்று கேட்கும். ஒன்று இரு பக்கமும் ஃப்ளாட்டாக வை, இல்லையேல் கண்ட்ரோலரில் டி-எம்ஃபசிஸ் ஜம்பர் இருக்கிறதா பார். இது டிடிஎம்எஃப்பையும் (கீபேட் பட்டன்கள் அனுப்பும் இரட்டை டோன் கோடு) தொடும்: டி-எம்ஃபசிஸ் இல்லாவிட்டால் இரண்டில் அதிர்வெண் கூடிய டோன்கள் சுமார் 4 டெசிபல் தூக்கலாக வரும். சில ஹேண்டிகள் (கையடக்க செட்கள்) அவற்றை ஏற்கெனவே தூக்கித்தான் அனுப்பும். அப்போது ஒருவருடைய கோடு எடுக்கும், இன்னொருவருடையது எடுக்காது. டீகோடர்மேல் பழி விழும்.

ஆடியோ டிலே உள்ள மாடல் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்கு. குரலை 100 மில்லிசெகண்ட் போலத் தாமதித்தால், ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் சுற்று) மூடும் 'கர்ர்' வெளியே போகும் முன்பே கேட் அடைந்துவிடும். நாள் முழுக்கக் கேட்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

லெவல் வைக்க, 1 கிலோஹெர்ட்ஸ் டோனை 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் (அலைவரிசை இரு பக்கமும் விலகும் அளவு) உள்ளே அனுப்பு. வெளியேயும் அதே 3 வர வேண்டும். மோர்ஸ் ஐடி 1 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் போல இருந்தால் பேச்சுக்கு அடியில் அடக்கமாக ஓடும். இவை 25 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு, 12.5 என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கு. ஐடி இடைவெளி உன் லைசென்ஸில் உள்ளபடி.

டைம்-அவுட்டை 3 நிமிடம் வை. அது சிஓஎஸ் விழுந்த உடனே அல்ல, கர்ட்டஸி டோன் (அடுத்தவர் பேசலாம் என்று சொல்லும் பீப்) அடித்த பிறகு ரீசெட் ஆகும்படி அமை. அப்போதுதான் ஆட்கள் நடுவில் இடைவெளி விடுவார்கள், அவசரமாக வருபவர் நுழைய முடியும். ஒரு பொறி: டிரான்ஸ்மிட்டராக மொபைல் செட்டைப் போட்டால் அதற்குள்ளும் ஒரு டைம்-அவுட் இருக்கும். ஹேங் டைம் (பேச்சு நின்ற பிறகும் டிரான்ஸ்மிட்டர் ஆனில் நிற்கும் நேரம்) 2, 3 செகண்டாவது இருப்பதால், ஆள் மாறிப் பேசும்போது பிடிடி விழவே விழாது. செட் தன் கணக்கை எண்ணிக்கொண்டே போய் நடுப்பேச்சில் அறுத்துவிடும். மெனுவில் அதை ஆஃப் செய்துவிடு.

ரிப்பீட்டரை நிறுத்தும் கட்டளைக்கு அதே ரிசீவரை மட்டும் நம்பாதே. இன்புட்டை யாராவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் உன் டிடிஎம்எஃப் உள்ளே நுழையாது. கண்ட்ரோலுக்கென்று தனி யுஎச்எஃப் ரிசீவர் ஒன்று வேண்டும். போர்ட் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்.

டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) ஒழுங்காக ஓடி, ஆன்டெனா மாட்டியதும் பிடிடி படபடத்தால் ஆர்எஃப் (டிரான்ஸ்மிட்டரின் ரேடியோ அலை) உள்ளே புகுகிறது. உலோகப் பெட்டி, ஒவ்வொரு ஒயரும் நுழையும் இடத்தில் 1 நானோஃபாரட் கெபாசிட்டர், கேபிளில் ஃபெரைட். அப்படியும் நிற்கவில்லையா, ரிப்பீட்டர் தன் குரலையே கேட்கிறதா என்று டூப்ளெக்ஸரைத் திரும்பப் பார்.

ரிசீவர் மாடலையும் சிஓஎஸ் முனையில் வந்த இரண்டு வோல்டேஜையும் எழுதி அனுப்பு. ரெசிஸ்டர் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.

73 (ஹாம் வழக்கில் வாழ்த்துகள்),
ரகு