லினக்ஸ் நிறுவித் தரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கட்டற்ற மென்பொருள் நண்பர்களே,

புதியவர் ஒருவருக்கு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தரும்போது "இனி வைரஸ் பயமே வேண்டாம்" என்கிறோம். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள்.

அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மென்பொருள்கள் கையொப்பமிட்ட தொகுப்புகளாகக் களஞ்சியத்திலிருந்து, அதாவது மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கிடங்கிலிருந்து, வருகின்றன. ரூட் அனுமதி, அதாவது நிர்வாகி அனுமதி, இல்லாத நிரல் பொதுவாகக் கணினியின் அடித்தளத்தைத் தொட முடியாது. ஆனால் வீட்டுப் பயனருக்கு முக்கியமானவை எவை? குடும்பப் படங்கள், ஆவணங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள். எல்லாமே பயனரின் சொந்த ஹோம் கோப்புறையில்தான் இருக்கின்றன. அவற்றைத் திருட ரூட் தேவையே இல்லை.

2025 ஆகஸ்டில் வெளியான செய்தியைப் பாருங்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்தும் அரசுத் துறையினரைக் குறிவைத்து மின்னஞ்சல்கள் வந்தன. இணைப்பாக வந்த ஜிப்புக்குள் பிடிஎஃப் போலத் தோன்றும் ஒரு டெஸ்க்டாப் கோப்பு (சொடுக்கினால் கட்டளையை இயக்கும் குறுக்குவழிக் கோப்பு). சொடுக்கினால் ஃபயர்ஃபாக்ஸில் ஓர் ஆவணம் திறக்கும், சந்தேகமே வராது. அதே நேரத்தில் பின்னணியில் உளவு நிரல் இறங்கிவிடும். ஏபிடி36 என்ற ஹேக்கர் குழுவின் வேலை இது என்றார்கள் ஆய்வாளர்கள். "லினக்ஸில் எதைத் திறந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று நம்பியவர்தான் இதில் முதலில் மாட்டுவார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நாம்தான்.

அதற்கு முந்தைய மாதம் ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் பயனர்கள் தாங்களே தொகுப்புகளை ஏற்றும் ஏயூஆர் களஞ்சியத்தில், ஃபயர்ஃபாக்ஸ் திருத்தம் என்ற பெயரில் தீநிரல் ஏற்றப்பட்டிருந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள்ளேயே ஒரு பின்கதவு (ரகசிய நுழைவழி) வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் தெரியவந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கவனித்ததால்தான் அது வெளியே வந்தது.

சரி, அப்போ எல்லோரும் ஆன்டிவைரஸ் போட வேண்டுமா? வீட்டுக் கணினிக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. மின்னஞ்சல் வழங்கியோ (சர்வர்), விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிரும் வழங்கியோ வைத்திருந்தால் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் போடுங்கள், அங்கே அது பயன்படும்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியவை வேறு. இற்றைப்படுத்தலைத் தள்ளிப்போடாதீர்கள். இணையத்தில் கண்ட சூடோ கட்டளையை (ரூட் அனுமதியோடு இயங்குவது) புரியாமல் ஒட்டாதீர்கள். அறியாத களஞ்சியங்களைச் சேர்க்காதீர்கள். மின்னஞ்சலில் வந்த கோப்புக்கு இயக்க அனுமதி தராதீர்கள். அடுத்த நிறுவல் முகாமில், மேசைத் தோற்றத்தை அழகாக்கிக் காட்டும் நேரத்தில் கொஞ்சம் எடுத்து, இவற்றைச் செய்து காட்டுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்