கூட்டிப் போட முடியாத புள்ளிகள்

கொலம்பஸ், ஒகாயோ
2025 மார்ச் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பனி கரைந்து ரோட்டோரம் முழுக்கச் சேறாய்க் கிடக்கிறது. போன ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நவம்பர் வரைக்கும் உங்களுக்கும் எங்களுக்கும் பத்தரை இல்லை, ஒன்பதரை மணித்தியாலம்தான் வித்தியாசம். அம்மா இரவு எட்டு மணிக்கு எடுத்தால் இங்கே காலை பத்தரை. அதை வடிவாகச் சொல்லிவிடு, பழைய கணக்கில் எடுத்துவிட்டு ஆள் இல்லை என்று யோசிப்பா.

உன் பாடத்திட்ட வரைவை இரண்டு தரம் வாசித்தேன். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் வேலை செய்கிற உளவளத்துணைக்காரருக்குச் சனிக்கிழமைகளில் ஒன்பது மாதப் பயிற்சி. கட்டாயம் வேண்டிய ஒன்று. இங்கே பட்டப்பின் உளவியல் மாணவரை எப்படிக் கணிக்கிறார்கள், அதில் எது திருகோணமலைக்குச் சரிவரும் என்று கேட்டிருந்தாய். முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. பதினாலு கற்றற் பேறு, அதாவது பயிற்சி முடிவில் பயிலுநருக்கு வரவேண்டியவை, எழுதியிருக்கிறாய், அதில் பதினொன்று ‘விளங்கிக்கொள்வர்’ என்று முடிகிறது. ஒரு ஆளுக்கு விளங்கிவிட்டதை எந்தக் கண்ணால் பார்ப்பாய்?

இங்கே கலாநிதி மட்டத்து உளவியல் பயிற்சிக்கு அங்கீகாரம் கொடுப்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆணைக்குழு. 2015இல் ஏற்றுக்கொண்ட நியமங்கள் 2017இலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. தொழில் முழுவதுக்கும் பொதுவான தேர்ச்சிகள் ஒன்பதை அதில் வகுத்திருக்கிறார்கள்: ஆராய்ச்சி, ஒழுக்கநெறியும் சட்டமும், தனிமனித பண்பாட்டு வேறுபாடுகள், தொழில்சார் விழுமியமும் நடத்தையும், தொடர்பாடல், உளவியற் சோதனை, சிகிச்சை, மேற்பார்வை, பிற துறையாரோடு கலந்து வேலைசெய்தல். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்பதெல்லாம் எங்கள் ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள சொற்கள்தான், உனக்குப் புதிதில்லை. வித்தியாசம் அடுத்த படியில் இருக்கிறது. ஒவ்வொரு தேர்ச்சிக்கும் ஆகக் குறைந்த மட்டம் ஒன்றைப் படிப்பு நடத்துகிறவர்களே தனித்தனியாக வைக்கவேண்டும். ஐந்துக்கு மூன்று என்று வைத்தால் ஒன்பதிலும் மூன்று வரவேண்டும். ஆராய்ச்சியில் ஐந்தும் ஒழுக்கநெறியில் இரண்டும் எடுத்த பிள்ளையைச் சராசரி காப்பாற்றாது.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியோடு வளர்ந்த எங்களுக்கு இது உடனே பிடிபடாது. எல்லாவற்றையும் கூட்டி ஒரு இலக்கமாக்கினால்தான் பெறுபேறு வந்த மாதிரி இருக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினைத்துப் பார். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு. ஏழின் சராசரிச் சூட்டை யாரும் தலையில் வார்ப்பதில்லை; கையில் இருக்கிற வாளி எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதுதான் கதை. துணைநாடி, அதாவது உதவி தேடி வருகிறவர், உன் பயிலுநருக்கு முன்னால் வந்து இருக்கும்போது அவருக்குக் கிடைப்பதும் ஒரு வாளிதான்.

உன் வரைவில் வரவுக்கு 20, ஒப்படைக்கு 30, எழுத்துப் பரீட்சைக்கு 50. ஒருவர் எல்லாச் சனிக்கிழமையும் வந்து 20, ஒப்படைக்கு 22, பரீட்சைக்கு 30 எடுத்தால் 72, நல்ல சித்தி. ஆனால் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒரு ஆளிடம் வாய்திறந்து கேட்கத் தெரியுமா என்பது அந்த 72க்குள் எங்கேயும் இல்லை. அதனால்தான் இங்கே பாடப் புள்ளி ஒரு பக்கம், தேர்ச்சிக் கணிப்பீடு இன்னொரு பக்கம் என்று பிரித்து வைக்கிறார்கள். பாடத்துக்கு ஏ எடுத்தது தேர்ச்சிக்குச் சாட்சி ஆகாது, ஏனென்றால் அந்த ஏக்குள் வரவும் பிந்திக் கொடுத்த ஒப்படையும் வகுப்பில் கதைத்ததும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு பேறும் எங்கே அறிமுகமாகிறது, எங்கே பழக்கப்படுகிறது, எங்கே கணிக்கப்படுகிறது என்று ஒரே தாளில் கட்டம் போட்டுப் பார். ஒரு பேற்றுக்கு நேரே மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தால், அதை எழுதி வைத்தது அலங்காரத்துக்கு.

சரி, ஒன்றைத் திருத்திக் காட்டுகிறேன். உன் ஆறாவது பேறு: “பயிலுநர் தற்கொலை அபாயம் பற்றி விளங்கிக்கொள்வர்.” இப்படி மாற்று: “பதினைந்து நிமிட நடிப்பு அமர்வில், துணைநாடி நம்பிக்கையிழந்து கதைக்கும்போது, பயிலுநர் தற்கொலை எண்ணம், திட்டம், கையில் எட்டும் வழிவகை, முந்திய முயற்சி, உயிரோடு பிடித்து வைத்திருக்கும் காரணங்கள் ஆகிய ஐந்தையும் நேரடியாகக் கேட்பார், பாதுகாப்புத் திட்டத்தைத் துணைநாடியோடு சேர்ந்து எழுதுவார், அன்றே குறிப்புப் பதிவார்.” நீளம்தான். ஆனால் பார்க்கிறவருக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று தெரியும்.

அந்தப் பாதுகாப்புத் திட்டம் ஸ்ரான்லியும் பிரவுணும் உருவாக்கிய படிவம், ஆறு பகுதி: நெருக்கடி வருவதன் முன்னறிகுறிகள், தானே செய்து பார்க்கக்கூடியவை, மனதைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய உறவினர் நண்பர், தொழில்முறை உதவிகள், சுற்றாடலைப் பாதுகாப்பாக்குதல். பிழைவிடுவது பெரும்பாலும் ஐந்திலும் ஆறிலும். அமெரிக்கப் படிவத்தை அப்படியே கொப்பி அடித்தால் ஐந்தில் 988 என்ற நெருக்கடித் தொலைபேசி இலக்கம் வந்துவிடும், அது இங்கத்தையது. அங்கே தேசிய மனநல நிறுவனத்தின் 1926. ஆறில் ‘பாதுகாப்பாக வைத்திருத்தல்’ என்று மட்டும் எழுதிவிட்டு எழும்புவார்கள். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, இன்றைக்கே அதை யார் எடுத்துக்கொண்டு போவார் என்று ஆளின் பெயரோடு எழுதினால்தான் அந்தப் பகுதிக்குப் புள்ளி. தம்பலகாமத்து வயல்காரர் வீடுகளுக்கு இது பொருந்துமா என்று நீயே சொல்லு.

ஜோர்ஜ் மில்லர் மருத்துவக் கல்விக்காக 1990இல் வரைந்த முக்கோணம் ஒன்றுண்டு. அடியில் ‘தெரியும்’, அதற்கு மேலே ‘எப்படி என்று தெரியும்’, பிறகு ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘வேலையில் செய்கிறார்’. எழுத்துப் பரீட்சை கீழ் இரண்டையும் தாண்டாது. நடிப்பு அமர்வு மூன்றாவது. உச்சிக்குப் போவதென்றால் உண்மையான அமர்வைப் பார்க்கவேண்டும். இங்கே களப்பயிற்சியின் ஒவ்வொரு மதிப்பீட்டுக் காலத்திலும் ஒரு தடவையாவது மேற்பார்வையாளர் மாணவரின் வேலையை நேரிலோ ஒளிப்பதிவிலோ பார்த்திருக்கவேண்டும் என்பது விதி. மாணவர் வந்து ‘அமர்வு நல்லாப் போனது’ என்று சொல்வதை மட்டும் வைத்துப் புள்ளி போடக்கூடாது. அது பொய் என்பதற்காக இல்லை. தான் கேட்காமல் விட்ட கேள்வி எது என்று அவருக்கே தெரியாது, அதனால்தான். ஒளிப்பதிவுக்குத் துணைநாடியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், பார்த்து முடிந்ததும் அழிக்கவேண்டும். ஊர் சிறிது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பயிலுநரின் சொந்தக் கைத்தொலைபேசியில் பதிய விடாதே.

புள்ளியிடும் அட்டவணைக்கு வருவோம். ‘1 மோசம், 2 பரவாயில்லை, 3 நல்லது, 4 மிக நல்லது’ என்று வைத்தால் எல்லாருக்கும் மூன்றரையும் நாலும்தான் விழும். மேற்பார்வையாளர் ஒரே நேரத்தில் தட்டிக்கொடுக்கிற ஆளாகவும் வாசலில் நின்று மறிக்கிற ஆளாகவும் இருக்கவேண்டும். ஆறு மாதம் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடித்த பிள்ளைக்கு ஒன்று போட யாருக்கும் கை வராது. இங்கேயும் இதே வியாதிதான், இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. முற்றாக மாறாது, ஆனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் நடத்தையை எழுதினால் குறையும்.

எங்கள் சொல் ஒன்றையே எடுப்போம். துணைநாடி “ஒரே யோசனையாக் கிடக்கு” என்கிறார். கேட்காத மாதிரித் தன் அடுத்த கேள்விக்குத் தாவினால் 1. “பயமா இருக்குதா?” என்று தன் அர்த்தத்தை அதற்குள் போட்டால் 2. “யோசனை எண்டு சொன்னீங்க, அது என்ன மாதிரி வரும்?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருந்தால் 3. அந்தப் பதிலை நித்திரை, சாப்பாடு, வேலை ஆகியவற்றோடு தொடுத்து, அமர்வு முடியும்வரை அவருடைய சொல்லையே பாவித்தால் 4. இப்போது இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே இலக்கம் வரும். வருகிறதா என்று முதலே சோதித்துப் பார்: பத்து நிமிடப் பதிவு ஒன்றை மூன்று மேற்பார்வையாளரும் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் பார்த்துப் புள்ளி போடட்டும். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்த நியதியைத் திருப்பி எழுது. பிழை அநேகமாக ஆட்களில் இருக்காது, வசனத்தில் இருக்கும்.

ஒன்பதாவது பேற்றை முற்றாக வெட்டிவிடு. இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனை படிப்பிக்கிற காரியமில்லை. வெக்ஸ்லர் சிறுவர் சோதனையின் ஐந்தாம் பதிப்பு 6 வயதிலிருந்து 16 வரையானவர்களுக்கு. புள்ளியை ஒப்பிடும் அதன் வயது அட்டவணைகள் 2,200 அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து எடுத்தவை. உப்புவெளிப் பிள்ளையை அந்த அட்டவணையில் வைத்து இலக்கம் சொல்வதே முதல் பிழை. நடத்துவதிலும் பிழைகள் மலிந்து கிடக்கும்: பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதாமை, தெளிவில்லாத பதிலைத் திருப்பிக் கேட்காமை, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமை, கூட்டல் பிழை. வயதுக் கணக்கில்கூடச் சறுக்குவார்கள். 2015 யூலை 18இல் பிறந்த பிள்ளைக்கு 2024 மார்ச் 5இல் சோதனை என்று வை. எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று கடன் வாங்கிக் கழித்தால் 8 வருடம் 7 மாதம் 17 நாள். பாதி மாதம் தாண்டிவிட்டது என்று 8 வருடம் 8 மாதமாக்கினால் அட்டவணையே மாறிவிடும், ஏனென்றால் அது நான்கு மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்தது. அதனால் இங்கே மாணவர் நடத்துகிற சோதனைத் தாளை வரிவரியாகப் பார்த்து, பிழை குறித்த அளவுக்குள் வரும்வரை திருப்பிச் செய்விப்பார்கள். உன் பயிலுநருக்கு வேண்டியது யாரை, எங்கே, என்ன குறிப்போடு அனுப்புவது என்பது; அதை ஒரு பேறாக எழுது.

ஒருவர் மட்டத்தை எட்டாவிட்டால் என்ன செய்வது என்று வரைவில் ஒரு வரியும் இல்லை. இங்கே பருவ நடுவில் ஒரு தடவை கணித்துச் சொல்லவேண்டும். கடைசி நாளில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. பிறகு எழுத்தில் ஒரு திட்டம்: எந்தத் தேர்ச்சி, என்ன நடத்தை கண்டோம், என்ன செய்யவேண்டும், யார் உதவுவார், எந்தத் திகதிக்குள், எட்டாவிட்டால் என்ன. மாணவரும் கையெழுத்து வைப்பார், ஒத்துக்கொள்ளாவிட்டால் மேன்முறையீட்டுக்கு வழி இருக்கும். மேற்பார்வையாளரைப் பற்றி மாணவரும் ஒரு படிவம் நிரப்புவார் என்று சொன்னால் உங்கள் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கேட்டுப் பார். இன்னொன்று, பெறுபேற்றைப் பெயரோடு அறிவித்தல் பலகையில் ஒட்டாதே. இங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மாணவரின் சம்மதமில்லாமல் புள்ளியை வெளியில் விடமுடியாது. படிப்புச் செலவைக் கட்டுகிற தகப்பன் போன் எடுத்துக் கேட்டாலும் பல்கலைக்கழகங்கள் வாய் திறக்கத் தயங்கும்.

ஆய்வேடு, பொதுப் பரீட்சை எல்லாம் உனக்கு இப்போது தேவையில்லை. கடைசியில் இன்டேர்ன்ஷிப் என்று ஒரு முழு வருடம், பெரும்பாலும் 2,000 மணித்தியாலம் அளவில். அனுமதிப்பத்திரத்துக்கு ஈபிபிபி பரீட்சை: 225 கேள்வி, 4 மணி 15 நிமிடம், அதில் 50 கேள்வி புள்ளியில் சேராது, எந்த 50 என்றும் சொல்லமாட்டார்கள். பட்டம் கொடுத்ததோடு படிப்பு நடத்தியவர்களின் பொறுப்பு முடிவதில்லை; இரண்டு வருடத்திலும் ஐந்து வருடத்திலும் பழைய மாணவரிடம் விசாரித்துக் கணக்குக் காட்டவேண்டும். நீயும் பயிற்சி முடிந்து ஆறாம் மாதம் ஒரு நாள் மூதூருக்குப் போய், அவர்கள் எழுதுகிற குறிப்புகளைப் பார்க்க இப்போதே திகதி போட்டு வை.

கடைசியில் சும்மா கேட்ட மாதிரிக் கேட்டிருந்தாய், நீ இங்கே விண்ணப்பித்தால் என்ன என்று. அங்கீகாரம் உள்ள ஒவ்வொரு படிப்பும் எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், எவ்வளவு செலவு, எத்தனை பேர் இடையில் விட்டார்கள், எத்தனை பேருக்கு இன்டேர்ன்ஷிப் இடமும் அனுமதிப்பத்திரமும் கிடைத்தது என்று ஒரு அட்டவணையைப் பகிரங்கமாகப் போடவேண்டும். படத்தில் உள்ள கட்டடத்தைப் பார்க்காதே, இடையில் விட்டவர் தொகையைப் பார். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். பிஎச்டிக்கு அநேகமாகப் படிப்புக் கட்டணம் தள்ளி, செலவுக்கும் கொடுப்பார்கள். சிகிச்சைத் தொழிலுக்கான கலாநிதிப் பட்டமான சைடி (PsyD) என்றால் அநேகமாகக் கைக்காசு.

வரைவின் ஓரத்தில் சிவப்புப் பேனையால் எழுதிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். பதினாலையும் ஏழாக்கு. ஏழுக்கும் புள்ளியிடும் நியதி எழுதின பிறகு அனுப்பு, அதற்கு முன்னம் வேண்டாம். அம்மாவின் கண் கிளினிக் திகதி எப்போ என்று எழுத மறந்துவிட்டாய்.

அன்புடன்,
அக்கா