வசூல் வேலைதான், அப்பா

வான்கூவர்,
நவம்பர் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? தினமும் போனில் பேசிக்கொண்டு எதற்குக் கடிதம் என்று அம்மா சிரிப்பாள். போன வாரம் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, அதற்குத்தான். "பிரமோஷன் என்கிறாய், சரி. என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது?" என்றீர்கள். எனக்கு இரவு ஒன்பது, உங்களுக்குக் காலை பத்தரை. பின்னால் குக்கர் விசில் வேறு. மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன்.

வசூல் வேலைதான், அப்பா. கும்பாபிஷேகத்துக்கு மஞ்சள் பையில் ரசீது புக்கோடு ஜெயங்கொண்டம் கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கினீர்களே, அதேதான். என்ன, நான் அருங்காட்சியகத்துக்காக ஏறி இறங்குகிறேன். ஐம்பது, நூறு டாலர் கொடுப்பவர்களைக் கவனிக்க வேறு ஆட்கள் உண்டு. ஒரே ஆள் லட்சக்கணக்கில் கொடுக்கிற இடத்துக்குப் போய் உட்காருவது எங்கள் அணி. 'மேஜர் கிஃப்ட்' என்பார்கள். இந்த மாதத்திலிருந்து அந்த அணிக்கு நான் பொறுப்பு. என்னையும் சேர்த்து நாலு பேர்.

கமிஷன் எவ்வளவு என்று அம்மா கேட்டாள் அல்லவா? ஒரு காசு கிடையாது. வசூலில் சதவீதம் வாங்குவது இந்தத் தொழிலில் ஒழுக்கக் கேடு. வெறும் சம்பளம்தான்.

ஒருவரோடு பழக ஆரம்பித்துப் பணம் என்ற வார்த்தையை எடுப்பதற்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகிவிடும். அதுவரை காபி, கண்காட்சித் திறப்பு, அவர் பேரப்பிள்ளை பட்டமளிப்புக்கு ஒரு வாழ்த்து. கொடுக்கிறவரும் பெரும்பாலும் செக் எழுதுவதில்லை, கம்பெனிப் பங்குகளைப் பங்காகவே மாற்றிக் கொடுத்துவிடுவார். விற்றுக் கொடுத்தால் லாபத்துக்கு வரி, அப்படியே கொடுத்தால் இல்லை. இந்தக் கணக்கெல்லாம் இங்கே வந்துதான் படித்தேன்.

படிக்காமல் தெரிந்த ஒன்றும் உண்டு. தொகையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்கக் கூடாது என்று பயிற்சியில் அரை நாள் பாடம் எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயாயிரத்து ஒன்று என்று சொல்லிவிட்டு, கார்பன் தாளைச் சரிசெய்வதுபோல் நீங்கள் ரசீது புக்கின் மேல் குனிந்துகொள்வீர்கள். முதலாளி வாய் திறக்கும்வரை அந்தத் தாள் சரியாகவே ஆகாது.

அருங்காட்சியகம் என்றதும் எழும்பூர் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடற்கரையின் பூர்வகுடிகள் செய்த பொருள்கள்தான் இங்கே இருக்கின்றன. தேவதாருவில் குடைந்த முகமூடிகள், கம்பங்கள், போர்வைகள். மரப்பெட்டி ஒன்று உண்டு, எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஒரே பலகையை ஆவியில் வேகவைத்து மூன்று மூலையிலும் மடித்து, நாலாவது மூலையை மட்டும் தைத்திருப்பார்கள். ஆணி கிடையாது, தண்ணீரும் ஒழுகாது. எங்கள் ஒவ்வொரு கூட்டமும், இது மஸ்குவியம், ஸ்குவாமிஷ், செய்ல்வாட்டூத் மக்களின் நிலம், அவர்கள் எழுதிக் கொடுக்காத நிலம் என்று சொல்லித்தான் தொடங்கும். முதல் வருடம் அதைக் கடவுள் வாழ்த்துப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டு வாடகை கொடுக்கும்போதெல்லாம் நினைவுக்கு வர ஆரம்பித்தது பிறகுதான்.

இங்கே பாட்லாட்ச் என்று ஒரு விழா. கல்யாணம், பேர் வைப்பது, இறந்தவருக்குச் செய்வது, பட்டம் கைமாறுவது, எதுவானாலும் ஊரைக் கூட்டி, ஆடிப் பாடி, கடைசியில் விழா நடத்துகிறவர் வந்தவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுப்பார். போர்வை, மாவு மூட்டை, படகுகூட. நம் மொய்க்கு நேர் தலைகீழ். வந்தவர் எழுதுவதில்லை, கூப்பிட்டவர் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டவர் சாட்சி. இவருக்கு இன்ன பேர், இன்ன ஆட்டம் இவர் குடும்பத்துக்கு உரிமை என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், எழுந்து சொல்ல வேண்டியது அவர் கடமை. வாங்கியவர் தன் முறை வரும்போது தானும் விழா எடுத்துக் கொடுப்பார். எழுதி வைக்காத மொய் நோட்டு என்றுதான் எனக்குத் தோன்றும். எவ்வளவு வைத்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை, எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்துத்தான் பெரிய மனிதர் என்பார்கள்.

இதைக் கனடா அரசு 1885-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. சொத்தை விரயம் செய்கிறார்கள், இப்படியே விட்டால் 'திருந்த' மாட்டார்கள் என்பது பாதிரிமாரும் அதிகாரிகளும் சொன்ன காரணம். 1951 வரை அந்தச் சட்டம் இருந்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் ஐலண்ட் என்ற தீவில் டான் கிரான்மர் என்பவர் பெரிய பாட்லாட்ச் ஒன்று நடத்தினார். 45 பேர் மேல் வழக்கு. என்ன குற்றம் தெரியுமா? ஆடினார்கள், பேசினார்கள், பரிசு கொடுத்தார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்று பேரம் பேசினார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் சிறைக்குப் போனார்கள். பறித்த சாமான்கள் ஒட்டாவாவுக்கும் டொரன்டோவுக்கும் போயின. கொஞ்சத்தை ஜார்ஜ் ஹை என்ற நியூயார்க் பணக்காரர் விலைக்கு வாங்கினார்.

கொடுத்ததற்காக அவர்களைச் சிறையில் போட்ட நாடு இது. அவர்கள் சாமானைக் காட்டி, "கொடுங்கள்" என்று கேட்பதற்கு எனக்குச் சம்பளம். அந்தக் கூச்சத்தால்தான் உங்கள் கேள்விக்கு மழுப்பினேன்.

ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், கடலைப் பார்த்த வீடு. இரண்டு வருடமாகப் பழக்கம். ஒரு கூடம் முழுவதையும் புதுப்பிக்கிற அளவுக்குப் பணம் தரத் தயாராக இருந்தார். இரண்டு நிபந்தனை. கூடத்துக்கு அவர் தாத்தா பேர் வைக்க வேண்டும், தாத்தா வாங்கிய முகமூடி வாசலில் இருக்க வேண்டும். அதைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தார். காக்கை முகம். அலகின் அடியில் ஒரு கயிறு, இழுத்தால் வாய் திறக்கும். இழுத்துக் காட்டினார். டக்கென்று மரத்தோடு மரம் மோதுகிற சத்தம் வந்தது, அவ்வளவு வருடத்துக்குப் பிறகும். உள்பக்கம் ஆடியவரின் நெற்றி பட்ட இடம் வழவழவென்று கறுத்திருந்தது.

வாங்கியது எப்போது என்று கேட்டேன். தடை இருந்த காலம். விலை கொடுத்துத்தான் வாங்கினார் என்றார் பெரியவர். இருக்கலாம். வழக்குக்குப் பயந்து விற்கிறவனிடம் வாங்குவதையும் வாங்கியதாகத்தான் எழுதுவார்கள். இதன் குடும்பம் எது என்று விசாரித்து, அவர்களைக் கேட்காமல் எங்களால் வாசலில் வைக்க முடியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். குனிந்து சரிசெய்ய கார்பன் தாள்தான் இல்லை. காபி ஆறிப் போனது. வாசல் வரை வந்து வழியனுப்பினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

போயிற்று, என் வேலையும் போயிற்று என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டார். கூடம் வேண்டாமாம். முகமூடி திரும்பிப் போகட்டும், அதற்காகிற செலவு தன்னுடையது என்றார். பெட்டி செய்ய, அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் வந்து பார்க்க, அழைத்துப் போக எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறதே. கூடத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. வருடக் கணக்கில் எனக்கு அது பள்ளமாகத்தான் தெரியும். பள்ளம் இருந்துமா பிரமோஷன் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முகமூடியோடு பெரியவரும் நானும் போனோம். வான்கூவர் தீவின் வட கோடியில் படகு பிடித்து அலர்ட் பே. மழையோ மழை. அங்கே உமிஸ்தா என்று ஒரு பண்பாட்டு மையம், 1980-இல் திறந்தது. அந்த 1921 விழாவுக்காகப் பறிபோனவற்றில் பல, பல வருடம் போராடித் திரும்பி வந்து அங்கே இருக்கின்றன. சண்டையில் பிடிபட்டு அடிமையாகப் போனவர் வீடு திரும்பினால், அந்தத் திரும்புதலுக்கு அவர்கள் மொழியில் உமிஸ்தா என்று பேர். அந்த முகமூடிகளை அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது போதும் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். கை நீட்டினால் தொடலாம், யாரும் தொடவில்லை.

எனக்கு ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊருக்குப் பக்கத்தில் கோயிலிலிருந்து திருடிக் கொண்டுபோய் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்றார்கள். அவர்கள் 2008-இல் கொடுத்த விலை 56 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2014-இல் திருப்பித் தந்தார்கள். ஊரே கொண்டாடியபோது நீங்கள் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சாமி ஊருக்கு வந்தாரா, கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு வந்தாரா?" என்று கேட்டீர்கள். அலர்ட் பேயில் அந்தக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் கயிற்றை இழுத்து அலகைத் திறந்து பார்த்து, பக்கத்தில் நின்ற பையனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கேள்விக்கு அங்கே வேலை இல்லை.

படகில் திரும்பும்போது பெரியவர் கேட்டார், அவர் தாத்தா பேர் இனி எங்கேயும் வராதா என்று. நம் கோயில் மண்டபத்து ஃபேனைப் பற்றிச் சொன்னேன். மூன்று இறக்கையில் இனிஷியல், பேர், ஊர் என்று செட்டியார் எழுதிக் கொடுத்ததும், கரண்ட் போனால்தான் அதைப் படிக்க முடியும் என்பதும். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆக, யாராவது கேட்டால் வசூல் பண்ணுகிறாள் என்றே சொல்லுங்கள்.

குளிர் ஆரம்பித்துவிட்டது, நாலரைக்கே இருட்டுகிறது. அம்மா அனுப்பிய பருப்புப் பொடி தீர்ந்தது. தையில் சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு என் கணக்கில் மொய் எழுதிவிடுங்கள். பத்தாயிரம் என்று அம்மா சொல்கிறாள், எனக்குத் தெரியவில்லை. பரணில் என் கல்யாண நோட்டு இருக்கும், அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்குக் குறையாமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்