மாணிக்கம் ஐயா நினைவு கூட்டத்துக்கு தோள் குடுத்த எல்லாருக்கும் நன்றி

மலேசியா சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு ஸ்தோத்திரம், வணக்கம். தரங்கம்பாடி லுத்தரன் கிறிஸ்தவ சபைக்கு மொத தமிழ் பேராயரா இருந்த மாணிக்கம் ஐயாவுக்கு ஞாயித்துக்கிழமை எடுத்த நினைவு கூட்டம் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, மனசு இன்னும் அங்கயே நிக்குது, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல மாரியம்மன் கோயில் கமிட்டி அண்ணன்மாருக்கு. புக் பண்ணி வச்சிருந்த மண்டபத்த கடைசி நேரத்துல இல்லன்னுட்டாங்க, எனக்கு கை காலே ஓடல. நீங்கதான் கோயில் நாற்காலி, கேனோப்பி எல்லாத்தையும் லோரியில ஏத்திட்டு வந்து எங்க வீட்டு முன்னாடி போட்டீங்க, வாடகை எவ்ளோன்னு கேட்டதுக்கு "ஒரே தோட்டத்துல பால்மரம் (ரப்பர் மரம்) சீவுன குடும்பம் தங்கச்சி, காசு பேசாத"ன்னு சொன்னீங்களே, அத மறக்கவே மாட்டேன்.

எதுக்கு இந்த கூட்டம்னு நெறைய பேரு கேட்டீங்க. எங்க தாத்தா மாயவரம் பக்கத்துல இருந்து வந்த லுத்தரன் குடும்பம். 1956ல இங்க எமர்ஜென்சி (மலாயாவுல கம்யூனிஸ்ட் கெரில்லாங்களோட வெள்ளக்காரன் சண்ட போட்ட காலம்), தோட்டத்த சுத்தி முள்வேலி, ராத்திரி ஆனா வெளிய போக முடியாது. அந்த நேரத்துல ஊர்ல இருந்து ஒரு கடுதாசி வருது, தரங்கை, அதான் தரங்கம்பாடி, பேராயரா ஒரு தமிழர் வந்துட்டாருன்னு. தாத்தா அத லயத்துல (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடுங்க) வீடு வீடா போயி படிச்சு காமிச்சாராம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் (ஐயர்னா எங்க சபையில போதகர்) தரங்கம்பாடியில வந்து எறங்குனது 1706. ஆரோன்ங்கிற நம்ம ஆளு 1733லயே ஐயரா அபிஷேகம் ஆயிட்டாரு. ஆனா 1921ல பேராயர் பதவி வந்தப்போ ஹியூமன், பெக்ஸெல், சாண்டகிரென்னு வரிசையா மூணு பேரும் ஸ்வீடன்காரங்க, அவங்க உழைச்சத நான் கொறச்சு சொல்லல, இருந்தாலும் சீகன்பால்கு வந்து 250 வருஷம் நெறையுற அதே 1956லதான் நாலாவதா ராஜா பூஷணம் மாணிக்கம் ஐயா அந்த நாற்காலியில உக்காந்தாரு. முள்வேலிக்குள்ள இருந்தவங்களுக்கு அந்த சேதி எப்படி இருந்திருக்கும்!

ஐயா படிப்பாளி. அமெரிக்கா போயி கொலம்பியா யூனிவர்சிட்டியில டாக்டர் பட்டம் வாங்குனவரு, அதுவும் மெட்ராஸ் மாகாணத்து மிஷன் காலேஜ் படிப்பப் பத்தியே ஆராய்ச்சி பண்ணி. குண்டூர்ல காலேஜ்ல பாடம் எடுத்தாரு, அப்பறம் இந்திய கிறிஸ்தவ கவுன்சில்ல செக்ரட்டரி, அதுக்கப்பறம் உலக சபைகளுக்காக ஆசியா பூரா சுத்துனாரு. அவ்ளோ பெரிய எடத்துல இருந்துட்டு திரும்ப திருச்சியில தரங்கைவாசம்ங்கிற பேராயர் இல்லத்துக்கு வந்து நம்ம கிராமத்து சபைங்கள பாத்தாரே, எனக்கு அதுதான் பெருசா படுது. 1967 வரைக்கும் பேராயரா இருந்தாரு, 1969ல காலமாயிட்டாரு.

இத எல்லாம் போர்டுல எழுத வச்சது தமிழ்ப்பள்ளி ரிட்டயர்ட் வாத்தியார் ஐயா. மூணு தடவ எழுத்துப்பிழை திருத்துனீங்க, நாலாவது தடவ நீங்களே உக்காந்து எழுதிட்டீங்க, கண்ணு ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம்கூட ஆகல. கும்புடுறேன் ஐயா.

ஈப்போவுல இருந்தும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் கோவில்ல இருந்தும் பஸ் ஏறி வந்தவங்களுக்கும் நன்றி, 1924ல தமிழ் லுத்தரன்ங்க கட்டுன கோவில்ல இருந்து ஆளு வந்தது எங்களுக்கு தாய் வீட்டு சீர் மாதிரி.

அப்பறம் பழைய லயத்து பாட்டி. 91 வயசு, செம்பனை காட்டு மண்ரோட்டுல பேரன் மோட்டார்ல ஒக்கார வச்சு கூட்டிட்டு வந்தான். தாத்தா கடுதாசி படிச்சப்போ இவங்க அங்க இருந்தவங்க. மைக்க குடுத்ததும் ஒண்ணும் பேசல, ஞானப்பாட்டு ரெண்டு அடி பாடுனாங்க, பாதியில மறந்து போச்சு, பின்னாடி இருந்து மத்தவங்க எல்லாரும் சேந்து எடுத்துப் பாடுனாங்க. பாட்டி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

மீகூன் (அரிசி சேமியா) பெரட்டி, 200 பேருக்கு தேத்தண்ணி கலக்குன அக்காங்களுக்கும் நன்றி. உங்க பெரிய அண்டா எங்க வீட்டுலதான் இருக்கு, வெளக்கி வச்சுட்டேன், நாளைக்கு காலையில கொண்டாந்து தர்றேன்.