ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஊருணிக்கரை துப்புரவு, குப்பை வண்டி வரும் நேரம், தெருநாய்த் தொல்லை பற்றி மனுக்கள் கொடுத்திருக்கிறோம். குப்பை வண்டி இப்போது ஒழுங்காக வருகிறது. மற்ற இரண்டையும் தொடர்ந்து கேட்டு வருகிறோம்.

செயற்குழுவின் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டது கார்த் திருட்டுதான். காரைக் கொண்டுபோகவில்லை, காருக்குள் இருந்ததைக் கொண்டுபோனார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு மலேசியாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளின் கைப்பை அது. நகை எதுவும் அதில் இல்லை. பாஸ்போர்ட்டும் சர்க்கரை மாத்திரைகளும் இருந்தன. பின்கதவை ஒட்டிய சின்ன முக்கோணக் கண்ணாடியை மட்டும் உடைத்திருந்தார்கள். சீட்டின் மேல் கற்கண்டைக் கொட்டியதுபோல் சில்லுகள் கிடந்தன. கல்யாண வீட்டில் உட்கார்ந்து அவர் அழுததைப் பார்த்தவர்கள் இதைச் சில்லறைத் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கார் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தோம். நம் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் உள்ள சந்தில் இருபுறமும் நெடுஞ்சுவர்தான். திண்ணை இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. பாதி வீடுகள் ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. நிழல் இருக்கிறது என்று விருந்தாளிகள் கார்களை அங்கேதான் விடுகிறார்கள். திருடனுக்கும் அந்த மறைவுதான் வேண்டும். போதாக்குறைக்கு டிரைவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணாடி உடைந்தது அந்த நேரத்தில்தான்.

ஆகவே, கல்யாண வீட்டுக்காரர்களிடம் பேசி இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். கார்களை முகப்புத் தெருவில் வரிசையாக விட வேண்டும். மிஞ்சினால் ஊருணிப் பக்கத்துப் பொட்டலில் விடலாம், சந்தில் கூடாது. டிரைவர்களுக்கு இரண்டு பந்தியாகச் சாப்பாடு போட வேண்டும். தை முகூர்த்தங்களில் இதைக் கடைப்பிடித்தார்கள். நம் தெருவில் ஒரு காரும் உடைபடவில்லை. வீட்டுக் காவல்காரர்கள் இரவில் பின்தெரு வரை ஒரு சுற்று வருவதற்கும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சீட்டின் மேல் பையோ லேப்டாப்போ செல்போன் சார்ஜரோ கண்ணில் படக் கூடாது. டிக்கியில் வைப்பதானால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் வண்டியை நிறுத்திய பிறகு டிக்கியைத் திறந்து பையை உள்ளே தள்ளுவதைப் பார்க்கிறேன். அது நோட்டம் விடுபவனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுப்பதாகும். ரிமோட்டை அழுத்திவிட்டு நடக்காமல், கதவுக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பேங்கில் பணம் எடுத்து வரும்போது “சார், உங்கள் பணம் கீழே கிடக்கிறது” என்றோ, “டயரில் காற்று இல்லை” என்றோ யாராவது சொன்னால், கண்ணாடியை ஏற்றி, எல்லாக் கதவையும் பூட்டிய பிறகே குனிந்து பாருங்கள். பத்து ரூபாய் நோட்டுகளை இறைத்துவிட்டுப் பையைத் தூக்கும் கும்பல்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன.

ஆர்.சி. புத்தகத்தின் அசலைக் காரில் வைக்கவே வேண்டாம். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணம் சோதனையின்போது செல்லும். வண்டிக்கு எடுக்கும் வழக்கமான இன்சூரன்ஸ், காருக்குள் இருக்கும் நம் உடைமைகளுக்கு ஈடு தராது. அதற்குப் பாலிசியோடு தனியாகச் சேர்க்கும் கூடுதல் காப்பீட்டை வாங்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

அப்படியும் பறிபோனால், எதையும் தொடாமல் 112 அல்லது 100-ஐ அழையுங்கள். போலீஸ் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாமல், முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதியச் சொல்லுங்கள். அந்த ரசீது புகார் வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டமும் சொல்கிறது. அந்த அம்மாள் புதிய பயண ஆவணம் கேட்டபோது முதலில் கேட்கப்பட்டது போலீஸ் புகாரின் நகல்தான். நம் உறுப்பினர்கள் இருவர் உடன் சென்று வாங்கிக் கொடுத்தார்கள்.

சந்தின் இரு முனைகளிலும் விளக்கும் கேமராவும் வைக்கச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதால், இன்றைய கூட்டத்திலேயே ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்