பாப்பாவுக்கு அரை டிக்கெட்

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் போட்டு, "அக்கா, இனிமே அவனை என்னன்னுதான் கூப்பிடறது?" என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ஆனால் உன் குரல் சரியில்லை. அதான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக் கதையை ஊர் பார்க்க எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் போல இன்னும் நாலு அப்பன்கள் இதே கேள்வியோடு முழித்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, "பாப்பா, டிபன் பாக்ஸை விட்டுட்டியே!" என்று நீ கத்தியிருக்கிறாய். பத்து வயசுப் பையன் திரும்பவில்லை, கூடப் போன பிள்ளைகள்தான் திரும்பியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஆணோ பெண்ணோ, சின்னதாக இருந்தால் பாப்பாதான். அதில் ஒரு அசிங்கமும் இல்லை. ஆனால் நீ இருப்பது ஓசூரில். அவன் வகுப்பில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்தாயா? அவர்களுக்கு 'பாப' என்றால் பெண் குழந்தை, ஆண் குழந்தை 'பாபு'. கன்னடக்காரப் பிள்ளைகளுக்கு 'பாப்பு' என்றால் தொட்டிலில் கிடப்பது. ஆகமொத்தம் உன் பிள்ளை ஒருத்தனுக்குப் பொம்பளைப் பிள்ளை, இன்னொருத்தனுக்குக் கைக்குழந்தை. அவன் உன்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தது குறைவுதான்.

இதெல்லாம் உனக்குப் புதுசு மாதிரி பேசுகிறாயே, 1993 ஜூன் மாதம் மறந்துபோச்சா? அப்பா உன்னை ஒண்ணாவது சேர்க்கக் கூட்டிப்போனார். தலைமையாசிரியர், "வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடு" என்றார். நீ தலையைச் சாய்த்தாய், தோளைத் தூக்கினாய், நாக்கைக்கூடத் துருத்தினாய். விரல் காதுக்கு ஒரு கடுகளவு முன்னால் நின்றுவிட்டது. "இன்னும் பாப்பாவாதான் இருக்கான், அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மாட்டுக் கொட்டகையில் நின்று தினமும் காதை எட்டிப் பிடித்துப் பழகினாயே, நான்தான் சாட்சி. மறு வருஷம் காது எட்டியது. வீட்டுக்கு வந்ததும், "நான் பாப்பா இல்ல, ஒண்ணாவது" என்று நீயே அறிவித்தாய். அம்மாவுக்குத்தான் அது பழக ஆடி பிறக்க வேண்டியிருந்தது.

நீயாவது நீயாக இறங்கினாய். என்னை இறக்கிவிட்டார்கள்.

எனக்கு அப்போது ஆறு வயசு. அதுவரை அந்த வீட்டில் பாப்பா என்றால் நான்தான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் திண்ணையில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். ஆயா வந்து, "பாப்பா தூங்குது, சத்தம் போடாத" என்றாள். நான் தூங்கவே இல்லையே என்று அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான். யாரும் எதையும் சொல்லவில்லை, பட்டம் கைமாறிவிட்டது. அன்றிலிருந்து நான் அக்கா. ஆறு வயசில், முன்பல் இரண்டு விழுந்த அக்கா.

அப்பா மட்டும் நீ பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து என்னைப் பாப்பா என்பார். நான் பெரியவளான அன்று அதுவும் நின்றது. மஞ்சள் தண்ணி ஊற்றி உட்காரவைத்திருந்தார்கள். அப்பா வாசலோடு நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சாப்பிட்டியாம்மா?" என்றார். பாப்பாவிலிருந்து நேராக அம்மா. நடுவில் ஒரு படியும் கிடையாது. நம் ஊரில் பெண் பிள்ளையை ஒரே ராத்திரியில் இப்படித் தூக்கி உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். உயரத்தில் வைப்பது மாதிரி தெரியும், ஆனால் அதற்கப்புறம் மடியில் இடம் கிடையாது.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூசுகிறது. அந்தக் காலத்தில் நம் மாவட்டத்தில் அந்தப் பெயர் ஒரு நாள்கூடக் கிடைக்காமல் போன பெண் சிசுக்கள் உண்டு. வேண்டாத பெண் சிசுவைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகட்டும் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்களே, சும்மாவா? (கிருஷ்ணகிரி அப்போது நமக்குள்தான் இருந்தது, 2004-ல்தான் தனி மாவட்டமானது. ஆகவே உன் ஓசூரும் அந்தக் கணக்கில் சேர்த்தி.) ஆயா ஒருமுறை புளி உடைத்துக்கொண்டே சொன்னாள்: "பாப்பான்னு ஒருவாட்டி வாய் தொறந்து கூப்பிட்டுட்டா அப்புறம் கை வராது. அதனாலதான் அந்த வீடுங்கள்ல கூப்பிடவே மாட்டாங்க." நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளும் புளியங்கொட்டையைத் தட்டுவதில் இறங்கிவிட்டாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரி எப்போதோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நீதான் விடமாட்டேன் என்கிறாய். இது இந்த மண்ணிலேயே பழைய வியாதி. அந்தக் காலத்தில் தகடூர் என்று பேர் இருந்த நம் தருமபுரியை ஆண்ட அதியமானுக்கு ஔவையார் பாடியது புறநானூற்றில் 92-வது பாட்டாக இருக்கிறது. குழந்தையின் மழலை யாழிசையோடு சேராது, காலக் கணக்குக்கும் ஒத்து வராது, பொருளும் புரியாது, ஆனாலும் "தந்தையர்க்கு அருள்வந் தனவால், புதல்வர்தம் மழலை" என்கிறாள். தந்தையர்க்கு என்றுதான் சொல்கிறாள் பார், தாயர்க்கு என்று சொல்லவில்லை. புலவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: குளிப்பாட்டி, ஊட்டி, வாந்தியைத் துடைத்துத் துடைத்து, பிள்ளை வளர்வது அம்மாக்காரிக்குத் தினமும் கையிலேயே தெரிந்துவிடுகிறது. அப்பன் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்ப்பதால் அவன் காதில் அந்த மழலை மட்டும் தங்கிவிடுகிறது. இரண்டு ஷிஃப்ட் கம்பெனியில் இருக்கிற உனக்கு நான் விளக்கணுமா?

முழுப் பரீட்சை லீவில் அவன் இங்கே வந்திருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. மாரண்டஅள்ளியில் டவுன் பஸ் ஏறிப் பாலக்கோட்டுக்குப் போனோம். எனக்கு மகளிர் இலவசம். அவனைக் காட்டி, "பாப்பாவுக்கு ஒரு அரை டிக்கெட்" என்றேன். கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்து, "எது பாப்பா?" என்றார். பின் சீட்டுக்காரர் சிரித்தார். உன் பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. பையிலிருந்து நீ கொடுத்தனுப்பிய நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டி, "எனக்கு ஃபுல் டிக்கெட்டே குடுங்க" என்றான். கண்டக்டர் நல்ல மனுஷன். "அஞ்சுக்குக் கீழ இருந்தா டிக்கெட்டே இல்ல, பன்னெண்டு தாண்டினா ஃபுல். நீ நடுவுல இருக்க தம்பி, அரைதான் எடுக்கணும்" என்று கிழித்துக் கொடுத்தார். 2022-க்கு முன்னால் மூன்று வயசு வரைக்கும்தான் இலவசம். அரசாங்கத்துக்கே பாப்பா எதுவரைக்கும் என்று அவ்வப்போது மனசு மாறுகிறது, நீ ஏன் கலங்குகிறாய்?

பாலக்கோடு வரைக்கும் அவன் என்னிடம் பேசவில்லை. கரும்பு ஜூஸுக்கும் மசியவில்லை.

அன்று ராத்திரிதான் நம் செவலை கன்று போட்டது. மாமா எழுப்பியதும் இவன் முதல் ஆளாக எழுந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டான். கிடேரிக் கன்று. செவலை நக்கி நக்கிக் காயவைத்தது. குளம்பு நுனி வெள்ளையாக, இளந்தேங்காய் மாதிரி இருக்குமே, அதை மாமா கிள்ளிவிட்டதைக் குனிந்து பார்த்து, "வலிக்காதா மாமா?" என்று மூன்று தடவை கேட்டான். கன்று எழுந்து நாலு காலும் நாலு திசைக்குப் போக விழுந்தது. இரண்டாவது தடவை இவன் கை கொடுக்கப் போனான். மாமா தடுத்து, "அதுவே எழுந்திரிக்கட்டும்" என்றார். எழுந்தது. விடிந்ததும் நஞ்சுக்கொடியை வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிட மாமாவோடு அவனும் போனான். திரும்பி வந்து சீம்பால் தின்றுகொண்டே, "அத்தை, பாப்பாவுக்கு இன்னும் பேர் வெக்காதீங்க. நான் மறுபடி வந்துதான் வெப்பேன்" என்றான். எந்தப் பாப்பாவுக்கு என்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. ஆயா சொன்னதைக் கேட்டு நிமிர்ந்த ஆறு வயசுக்காரி மாதிரி முழித்தேன்.

ஆகவே தம்பி, அந்த வேலை காலியில்லை, ஆள் போட்டாச்சு. தினம் சாயங்காலம் அவன் எனக்குப் போன் பண்ணுகிறான், உனக்குத் தெரியுமோ என்னவோ. "பாப்பா பால் குடிச்சுதா? பாப்பாவை வெயில்ல கட்டினீங்களா?" என்று என்னை அதட்டுகிறான். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவனை 'என்னப்பா', 'வா சாமி' என்று எதையாவது சொல்லிக் கூப்பிட்டுப் பார், நம் அப்பா உன்னைக் கூப்பிட்ட மாதிரி. எதற்குத் திரும்புகிறானோ அதை வைத்துக்கொள். பாப்பா என்று வாய் தவறினால் வீட்டுக்குள் தவறட்டும், வாசலில் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு கன்றுக்குப் பேர் வைக்கக் கூட்டிக்கொண்டு வா. வண்டி வேண்டாம், ராயக்கோட்டை வழியாக பஸ்ஸிலேயே வாங்க. காசை அவன் கையில் கொடு, டிக்கெட்டை அவனே எடுக்கட்டும். வரும்போது ஒரு தவிட்டு மூட்டை வாங்கிக்கொண்டு வந்தால் தேவலை, இங்கே விலை ஏறிப்போய்விட்டது.

அக்கா